தங்கை பிள்ளைகளுக்காக நலக் குழு முன் நின்ற அனுபவம்

வீட்டில் ஒருவர் குடித்துக் குடித்து, பெற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலைக்குப் போய்விட்டார், அந்தப் பிள்ளைகளை இனி நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்ற நிலை வந்தால் எங்கே போவது, எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பது, எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்றெல்லாம் எனக்குச் சொல்ல ஆளில்லை. கேட்ட இடமெல்லாம் "சொந்தக்காரங்க உக்காந்து பேசித் தீத்துக்குங்க" என்ற ஒரே பதில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊர், மாவட்டம், பிள்ளைகளின் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்க மாவட்டந்தோறும் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்த பிள்ளையை அடையாளம் காட்டுகிற விவரத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். பாவம், உதவுங்கள் என்று இரண்டு பிள்ளைகளின் படத்தையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு இதை விளக்கவே ஒரு சாயங்காலம் ஆனது.

நான் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தங்கை வளைகுடாவில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், தெளிவாக இருக்கும்போது அவரைப் போல உழைப்பவரைப் பார்க்க முடியாது. பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. மாப்பிள்ளையின் அம்மா இருந்தவரை எல்லாவற்றையும் முந்தானையில் மறைத்து வைத்திருந்தார். அந்த அம்மா போன பிறகுதான் வீடு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதுவும் நாங்களாகத் தெரிந்துகொள்ளவில்லை, பள்ளிக்கூடத்து டீச்சர் போன் செய்தார். "நீங்க தாய்மாமன்தானே சார்? பெரியவ பாதி நாள் வர்றதே இல்ல. சின்னவன் முதல் பீரியட்லயே தூங்கிடுறான். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை தரையில் ஒருக்களித்துக் கிடந்தார், மல்லாந்து புரண்டுவிடாதபடி முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை முட்டுக் கொடுத்திருந்தது. அதை வைத்தது பெரியவள். "மல்லாக்கப் படுத்தா வாந்தி எடுத்து மூச்சடைச்சிரும் மாமா, போன்ல பாத்தேன்" என்றாள். பன்னிரண்டு வயது. நடுராத்திரியில் எழுந்து அப்பாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி படுப்பாளாம். வண்டிச் சாவி அரிசி டப்பாவுக்குள் புதைந்திருந்தது. அவளுடைய ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் மளிகைப் பாக்கி, பால் பாக்கி, அப்பா யார் யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கினார் என்பதெல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தது. கணக்கை விடவும் அந்தக் கையெழுத்தின் ஒழுங்குதான் என்னை என்னவோ செய்தது. பிற்பாடு குழுவின் முன் எங்களுக்கு அதிகம் கைகொடுத்ததும் அந்த நோட்டுதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி வீட்டில் பிள்ளைகள் எழுதியது, வரைந்தது, பள்ளி வருகைப் பதிவு, டீச்சர் அனுப்பிய மெசேஜ் என எதையும் தூக்கிப் போடாதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். காலையில் போதை தெளிந்த நேரத்தில் மாப்பிள்ளை அழுதார். "நீங்களே கூட்டிட்டுப் போங்க மச்சான், நான் சரியானதும் அனுப்புங்க" என்றார். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொள் என்று ஒருவர் யோசனை சொன்னார், எழுதி வாங்கி, நோட்டரி முத்திரையும் வைத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். அடுத்த வாரம் மாப்பிள்ளை போதையில் ஸ்டேஷனுக்குப் போய் "மச்சான் என் பிள்ளைங்களைக் கடத்திட்டுப் போயிட்டான்" என்று புகார் கொடுத்துவிட்டார். கூப்பிட்டு அனுப்பினார்கள். முத்திரைத்தாளை நீட்டினேன், அதிகாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை மேல் போட்டார். பிள்ளைகளின் காப்பாளர் உரிமை இப்படி எழுதி வாங்குவதால் கைமாறாதாம், அவர் சம்மதித்தார் என்பதற்குச் சாட்சியாக வேண்டுமானால் உதவுமாம். ஊரில் இந்த மாதிரித் தாளை நம்பி எத்தனை குடும்பம் உட்கார்ந்திருக்கிறது என்று என் கடைக்கு நகல் எடுக்க வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும்.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். போனதும் அவரைக் கேளுங்கள், பொது மேசையில் நின்று கத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. அவர்தான் எங்களைக் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகச் சொன்னார். ஸ்டேஷன் வரை விவகாரம் போகும் முன்பே இதைத் தொடங்கலாம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-க்கு போன் செய்யலாம், இல்லையென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரில் மனு கொடுக்கலாம். சொந்தக்காரர், டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம், பிள்ளையே கூடப் போகலாம். நம் பெயரில் ஒரு தகவல் முதலிலேயே பதிவாகியிருந்தால், கடத்தினான் என்ற புகார் பிறகு வந்தாலும் நம் பக்கம் சொல்ல அது கைகொடுக்கும். பிள்ளைகளை வீட்டை விட்டுக் கூட்டி வருவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள்.

குழு என்றதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம், பிள்ளைகளைப் பிடுங்கி ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று. உண்மையில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது. குழுவில் தலைவர் ஒருவர், உறுப்பினர் நாலு பேர், அதில் குறைந்தது ஒருவராவது பெண். உட்கார்ந்திருக்கிற அறையைப் பார்த்தால் ஏதோ பள்ளிக்கூட அலுவலகம் மாதிரிதான் இருக்கும், ஆனால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அவர்கள் எழுதுவது உத்தரவு, அறிவுரை என்று நினைத்து அலட்சியமாக இருக்க முடியாது.

அப்படியிருந்தும் முதல் நாள் பிள்ளைகளை இல்லத்துக்குத்தான் அனுப்பினார்கள். அதை எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. பெண் பிள்ளைகள் இல்லம் ஒரு பக்கம், ஆண் பிள்ளைகள் இல்லம் ஊரின் மறுகோடி. பெரியவள் அழவில்லை, சின்னவனைக் கூட்டிப்போக வந்தவரிடம் "ராத்திரி பாத்ரூம் லைட்ட அணைக்காதீங்க சார், அவன் பயப்படுவான்" என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தவன்தான், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஊரில் பேச்சு வேறு, பெத்தவன் இருக்கும்போதே தாய்மாமன் பிள்ளைகளை அனாதை ஆசிரமத்தில் தள்ளிவிட்டான் என்று. குழுவின் மீது அன்று எனக்கு ஆத்திரம்தான். யோசித்துப் பார்த்தால், என்னிடம் இருந்தது ஆதார் அட்டையும் செல்லாத முத்திரைத்தாளும் மட்டும். நான் தாய்மாமன் என்பதற்கே ஆதாரம் இல்லை. யாரென்று தெரியாத ஒருவன் கையில், அதுவும் பெண் பிள்ளையை, எந்தக் குழு கொடுக்கும்? கொடுத்தால்தான் தப்பு.

விசாரணை முடியும்வரை பிள்ளைகளை இல்லத்தில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, தகுதியான நபர் என்று குழு ஏற்கும் ஒருவரிடம் ஒப்படைக்கவும் இடம் இருக்கிறது. அப்படி ஏற்க அவர்களுக்குக் கையில் ஏதாவது வேண்டும். முதல் நாளே இவற்றைக் கொண்டுபோங்கள்: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்களுக்கும் பிள்ளைகளின் அம்மாவுக்கும் ஒரே பெற்றோர் என்று காட்டும் பழைய ரேஷன் கார்டோ பள்ளிச் சான்றிதழோ, உங்கள் வீட்டு முகவரிச் சான்று, வருமானத்துக்கு ஏதாவது ஒரு ஆதாரம், உங்கள் மனைவி அல்லது கணவர் கைப்பட எழுதிய சம்மதம். அம்மாவோ அப்பாவோ வெளிநாட்டில் இருந்தால் அவர்களின் கடிதம், முடிந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கியது. அம்மாவின் கடிதத்துக்கு என்ன மதிப்பு, அப்பாதானே இயற்கைக் காப்பாளர் என்று எங்களிடம் ஒருவர் சட்டம் பேசினார். 1956-ஆம் ஆண்டு இந்து இளையர் காப்பாளர் சட்டத்தில் தந்தை, அவருக்குப் பின் தாய் என்றுதான் இருக்கிறது, சரி. அந்தப் 'பின்' என்பதற்குத் தந்தை செத்த பிறகு என்று பொருள் இல்லை, அவர் பிள்ளையைக் கவனிக்காத நிலையில் இருந்தாலும் தாய் காப்பாளராகலாம் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தங்கையின் கடிதம் வந்து, குழுத் தலைவர் வீடியோ காலில் அவளிடம் பேசிய பிறகுதான் எங்கள் விஷயம் நகர்ந்தது.

இல்லத்தில் பிள்ளைகள் இருந்த சமயம் மாப்பிள்ளை பக்கத்து உறவினர் ஒருவர், சரண்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் சுலபமாக முடிந்துவிடும் என்று யோசனை சொன்னார். அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது, சொன்னபோது எனக்கும் தெரியாது. சரண்டர் என்றால் பெற்றவர்கள் பிள்ளையின் மீதுள்ள உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுப்பது. மறுபரிசீலனை செய்ய 2 மாதம் அவகாசம் உண்டு, அது தாண்டினால் பிள்ளை தத்துக்குப் போகும் வழி திறந்துவிடும். தற்காலிகமாகச் சொந்தக்காரர் பொறுப்பில் விடுவதும் இதுவும் மலைக்கும் மடுவுக்கும். எந்தத் தாளாக இருந்தாலும் தலைப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம், படிக்கத் தெரியாதவர்கள் கூட இருந்தால் அவர்களையும் போட விடாதீர்கள்.

பிறகு வீட்டைப் பார்க்க சமூகப்பணியாளர் வந்தார். கழிப்பறையைப் பார்த்தார், பெரியவள் எங்கே படுப்பாள், உடை மாற்ற மறைவு இருக்கிறதா என்று கேட்டார், பக்கத்து வீட்டில் விசாரித்தார். என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு இதில் சம்மதமா என்று கேட்டார். அவள் பூசி மெழுகாமல், "சம்மதம்தான் மேடம், ஆனா எனக்கும் வேலை இருக்கு, ரெண்டு பிள்ளை கூடுனா கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். காரியம் கெட்டது என்று நினைத்தேன். அறிக்கையில் அதை அப்படியே எழுதி, குடும்பம் யதார்த்தமாக யோசிக்கிறது என்று சேர்த்திருந்தார்கள். வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்று புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டுவதெல்லாம் தேவையே இல்லை. இந்த விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும், இறுதி உத்தரவு 4 மாதத்துக்குள் வர வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு அறிக்கை வரத் தாமதமானது, ஒரு சமூகப்பணியாளர் கையில் அத்தனை கோப்பு. சண்டை போட்டால் வேலை நடக்காது, எழுத்தில் நினைவூட்டுங்கள், உங்கள் நகலில் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பத்து வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன் சொல்கிறேன், முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம்.

பிள்ளைகளிடம் குழு தனியாகப் பேசும். என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிற வேலை வேண்டாம், அது எப்படியும் தெரிந்துவிடும். பெரியவள் உள்ளே போய் "அப்பா நல்லவர்தான், குடிச்சாதான் இப்படி" என்று சொல்லிவிட்டாள். எங்கள் பெரியம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை, "இவ்வளவுக்கும் அப்பனுக்கே வக்காலத்து வாங்குறா பாரு" என்று. பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் ஆற்றுப்படுத்துநர் சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது, இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பெற்றவரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அவர்கள் முன் அவரைத் திட்டத் திட்ட வாயைத் திறப்பதையே நிறுத்திவிடுவார்கள். அப்பாவின் மீது வழக்குப் போடவா என்ற பேச்சும் வந்தது. பொறுப்பில் இருக்கிறவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினாலோ வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ 75-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைக்கு மதுவைக் கொடுப்பது 77-ஆம் பிரிவு, அதற்கு 7 ஆண்டு வரை போகும். அடி உதை, பிள்ளைக்கே ஊற்றிக் கொடுப்பது என்றெல்லாம் இருந்தால் தயங்கக் கூடாது என்பது என் கருத்து. எங்கள் மாப்பிள்ளை கை நீட்டியதில்லை, பிள்ளைகளும் வேண்டாம் என்றார்கள், அந்த வழிக்குப் போகவில்லை.

இதில் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது குழு உறுப்பினர் ஒருவர் போகிற போக்கில் சொன்னது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அவர் திருந்துவாரா மாட்டாரா, எப்போது நிறுத்துவார் என்று பேசிக்கொண்டே இருந்தோம். அந்த உறுப்பினர் கையை உயர்த்தி, "அவர் குடிய விடுறது ஒரு ஃபைல். பிள்ளைங்க இன்னிக்கு ராத்திரி எங்க தூங்குறாங்க, அது வேற ஃபைல். ரெண்டையும் ஒண்ணா கட்டாதீங்க" என்றார். எங்கள் குடும்பத்தில் வருடக்கணக்காக இரண்டையும் ஒன்றாகத்தான் கட்டி வைத்திருந்தார்கள். அவன் திருந்தட்டும், அப்புறம் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று. அவர் திருந்தத் திருந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். இப்போது யார் என்னிடம் யோசனை கேட்டு வந்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

சரி, அந்த இன்னொரு ஃபைலுக்கு வருகிறேன், பணத்தைத் தொலைத்ததெல்லாம் அதில்தான். குழு மாப்பிள்ளையைச் சிகிச்சைக்குப் போகச் சொல்லி, அடுத்த அமர்வுக்கு நேரில் வரச் சொன்னது. குழு முன்னால் நல்லபடி நிற்க வேண்டும் என்று மனுஷன் திடீரென்று ஒரு சொட்டுக் கூடக் குடிக்காமல் நிறுத்திவிட்டார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, சாப்பாடு இறங்கவில்லை, அதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டார்கள். அமர்வுக்கு வருகிற வழியில் பஸ் நிலையத்திலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டார். அரசு மருத்துவமனையில் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னது இது: வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் நேரம் காலம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், படபடப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நிறுத்துவதே மருத்துவமனையில் மாத்திரையோடும் வைட்டமின் ஊசியோடும்தான் நடக்க வேண்டும். அறையில் போட்டுப் பூட்டி மூன்று நாள் பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்பவர்களை நம்பவே நம்பாதீர்கள். குழுவோ கோர்ட்டோ தேதி கொடுத்திருந்தால், அந்தத் தேதிக்காக அவசர அவசரமாக நிறுத்த வேண்டாம், சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார் என்று மருத்துவமனைச் சீட்டைக் காட்டலாம்.

மருத்துவமனையில் தெளிந்து வீட்டுக்கு வந்ததும், இனி திரும்பக் குடிக்காமல் இருக்க நல்ல இடத்தில் சேர்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அக்கா ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தைப் பிடித்தார். 3 மாதத்துக்கு முன்பணம் 45,000 ரூபாய், பாதி அவர், பாதி நான், வட்டிக்கு வாங்கியது. ராத்திரி வேனில் நாலு பேர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அப்போதே எனக்கு உறுத்தியது. போனில் பேசக் கூடாது, ஒரு மாதம் பார்க்கக் கூடாது என்றார்கள். பிடிவாதமாகப் போய்ப் பார்த்தபோது முதுகில் தடம் தடமாக வீங்கியிருந்தது, டாக்டர் என்று யாரும் அங்கே இல்லை. அன்றே கூட்டி வந்துவிட்டோம், பணத்தில் ஒரு பைசா திரும்பவில்லை. சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை: மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா, மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார், போனில் பேச விடுவார்களா. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயையும் உள்ளடக்கியது. அதன்படி சங்கிலியால் கட்டுவதற்குத் தடை, அவர் விருப்பம் இல்லாமல் சேர்ப்பதென்றால் மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். வேனில் வந்து தூக்குவதெல்லாம் அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடி, மாத்திரை விளம்பரங்களும் அதே ரகம்தான். அந்த வகை மாத்திரை உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும், ஆளையே கொண்டுபோய்விடும். டாக்டர் எழுதிக் கொடுத்து, குடிப்பவருக்கும் தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காசில்லாமல் கிடைக்கிறதை விட்டுவிட்டு இப்படி அலைந்தோம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம், மன உளைச்சலுக்கு 14416 இருக்கிறது, தமிழில் பேசுகிறார்கள். குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் கட்டணம் கிடையாது. மாப்பிள்ளை அங்கே போகத் தொடங்கிய பிறகுதான் முதல் தடவையாக "நான் குடிநோயாளி" என்று தன் வாயால் சொன்னார். நடுவில் ஒரு முறை மறுபடி குடித்தார், வீடே இடிந்துபோனது. டாக்டர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், இது இந்த நோயில் நடப்பதுதான், விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்றார். பிள்ளைகள் அப்போது எங்கள் வீட்டில், குழுவின் உத்தரவோடு இருந்ததால் அவர் சறுக்கியது அவர்களை அடிக்கவில்லை. ஃபைலைப் பிரித்து வைத்ததன் பலன் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

வக்கீல் ஒருவருக்கு 15,000 ரூபாய் கொடுத்ததும் வீண்தான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, 15100-இல் கூப்பிட்டாலும் சொல்வார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை இருப்பதும் விசாரித்தேன். குடும்ப வருமானம் ஆண்டுக்குக் கிராமத்தில் 72,000, மற்ற இடத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டுமாம், எனக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைக்கலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். தங்கை அனுப்புகிற பணத்தை மாப்பிள்ளையின் கணக்கிலிருந்து மாற்றியதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் அந்த வீட்டில் இருக்கும்போதே பணத்தை நிறுத்தினால் அந்தக் கோபம் பிள்ளைகள் மேல்தான் விடியும். அவர்கள் பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு மாற்றினோம்.

பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்க முடியாது, 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணும் குழுவின் உத்தரவு நகலும் கையில் இருந்ததால் தலைமையாசிரியர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பிள்ளைகளைப் பார்க்க வருவதையும் உத்தரவிலேயே எழுதி வாங்கினோம், எந்த நாள், எத்தனை மணி, எங்கே, குடித்திருந்தால் பார்க்க முடியாது என்பது வரை. வாய்ப்பேச்சாக விட்டால் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டுவார், திறந்தாலும் குற்றம், திறக்காவிட்டாலும் குற்றம். தாள் இருந்தால் நான் கெட்டவனாக வேண்டியதில்லை, "குழு சொல்லியிருக்கு மாப்ள" என்று முடித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தோம். சின்னவன் சீக்கிரம் ஒட்டிக்கொண்டான். பெரியவள் பல நாள் நடுராத்திரியில் எழுந்து எங்கள் அறை வாசலில் நின்றுகொண்டிருப்பாள். தூக்கம் வரலியா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று போய்விடுவாள். நான் மூச்சு விடுகிறேனா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று மனைவிதான் கண்டுபிடித்தாள். சமையலறையிலிருந்து அவளை வெளியே அனுப்புவது பெரும்பாடு, ஏதாவது வேலை செய்யாவிட்டால் அவளுக்குப் பதற்றம் வந்துவிடும். அந்த நிலையில் உன் வேலை படிப்பது மட்டும் என்று ஒரேயடியாகப் பிடுங்கக் கூடாதாம், ஒரு சின்ன வேலையை அவளுக்கென்று விட்டுவைத்து மற்றதை மெல்ல மெல்ல எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஆற்றுப்படுத்துநர். காலையில் டீ போடுவது இப்போது அவள் பொறுப்பு. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, மனைவி போய் வருகிறாள், எனக்குப் பேச வரவில்லை, ஒரு முறை போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

தங்கை ஒப்பந்தம் முடிந்து அடுத்த மாதம் வருகிறாள். பெத்தவதானே, வந்ததும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார்கள் வீட்டில். பிள்ளைகள் இருப்பது குழுவின் உத்தரவில், அம்மாவிடம் திரும்ப ஒப்படைக்கவும் குழுதான் உத்தரவு போட வேண்டும், இல்லையென்றால் நான் உத்தரவை மீறியவனாவேன். தனி வீடு பார்க்கிறாளா, மாப்பிள்ளை அதே வீட்டில் இருப்பாரா என்பதெல்லாம் கேட்பார்கள், வாடகை ஒப்பந்தமும் அவருடைய மருத்துவமனை ஓ.பி. சீட்டுகளும் வேண்டும். மனுவை டைப் செய்து வைத்துவிட்டேன், அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.